மட்டக்குதிரைக்கு 70 கிலோ

கொடைக்கானல் மேல்மலையில பஸ் கடைசியாப் போய் நிக்கிற ஊர் கிளாவரை. அந்தப் பக்கம் பூண்டு மூட்டை சுமக்கிற மட்டக்குதிரைங்களைப் பாத்துட்டு, 'இதுங்க வலியை யாராச்சும் அளந்திருப்பாங்களா?'ன்னு தேடினேன்.

1926-ல லண்டன் பல்கலைக்கழகத்துல சார்லஸ் ஹியூம் ஒரு விலங்கு நலச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் 1954-ல ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, சோதனைக்கூட விலங்குகளைப் பத்தி ஆராயச் சொல்லுச்சு. ரஸ்ஸலுக்கு அப்போ முப்பது வயசு ஆகலை. 1959-ல வந்த அவங்க புத்தகம் சொன்னது மூணு விஷயம்: மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. இன்னைக்கு இந்திய சோதனைக்கூடங்களுக்கும் அதான் வழிகாட்டி. மாணவர்களுக்கு அந்தச் சங்கத்தோட உதவித்தொகையும் உண்டு.

இங்கே ருக்மிணி தேவியோட முயற்சியால 1960-ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. 1965 விதிப்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ பாரம். மேல்மலை ஏத்தத்துல அது சரிதானா? ஒரு கால்நடை மருத்துவ மாணவருக்கு ஒரு சீசன் செலவைக் கொடுத்தா அளந்து சொல்லிடுவார். நம்ம ஒரு மாசச் சம்பளத்துல முடியற காரியம் மக்களே!