கூலிப்படைக்குக் கூலி கொடுக்காவிட்டால்

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் ரயில் வட்டவளையைத் தாண்டி, ஹற்றனை எட்டுவதற்கு முன் நிற்கும் சிறிய நிலையம் றொசல்ல. என் அக்கா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அண்மையில் சென்றிருந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அக்காவின் மகன் மடிக்கணினியின் முன் அமர்ந்து எண்களைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "மாமா, ஐந்தாம் மகிந்தன் காலத்துல ஒரு கேரளக் கூலிப்படைக்கு என்ன விலை போடலாம்?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். இப்படியொரு கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

விடயம் இதுதான். 2006-இல் வெளியான 'மெடீவல் 2: டோட்டல் வார்' என்ற கணினி விளையாட்டு, மத்தியகால ஐரோப்பாவின் போர்களைப் பற்றியது. ஆர்வலர்கள் அதன் உள்கோப்புகளைத் திருத்தி, வேறு நாட்டு வரைபடத்தையும் வேறு படைகளையும் புகுத்திப் புது விளையாட்டாக்குகிறார்கள். இதற்கு 'மொட்' என்று பெயர். மருமகனும் நண்பர்களும் தென்னிந்தியாவையும் இலங்கையையும் அப்படி உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் கூலிப்படைக்கென்று தனிக் கோப்பு ஒன்று உண்டு. எந்தப் பிரதேசத்தில் எந்தப் படை கிடைக்கும், விலை என்ன, அனுபவம் எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை பிரிவுகள், வாங்கித் தீர்ந்தால் எவ்வளவு வேகத்தில் மீண்டும் சேரும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக எழுதப்பட வேண்டும். சொந்தப் படையைத் திரட்டக் காலம் தேவை. கூலிப்படையோ பணம் கொடுத்த அக்கணமே தளபதியின் அருகில் வந்து நின்றுவிடும்.

"விலை இருக்கட்டும். சம்பளம் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை இதில் எங்கே எழுதுவாய்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இதுல இடமே இல்ல மாமா" என்றான்.

இலங்கை வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று அந்த இல்லாத இடத்தில்தான் நிகழ்ந்தது. ஐந்தாம் மகிந்தன் 982-இல் அநுராதபுரத்தில் அரியணை ஏறினான். குடிகள் வரி செலுத்தவில்லை. கஜானா வறண்டது. ஆட்சியின் பத்தாம் ஆண்டில் படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க மன்னனால் இயலவில்லை. கேரள வீரர்கள் வில்லும் வாளும் ஏந்தி அரண்மனை வாசலை முற்றுகையிட்டார்கள். எங்களுக்குச் சம்பளம் கிடைக்கும்வரை அரசன் உண்ணக்கூடாது என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. மன்னன் கையில் எடுக்கக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு சுரங்க வழியாக வெளியேறி உறுகுணைக்கு ஓடினான். இலங்கையிலிருந்து திரும்பிய குதிரை வணிகன் ஒருவன் இந்த நிலைமையைச் சோழ மன்னனிடம் சொன்னான் என்றும், அதன்பின் சோழர் படை வந்தது என்றும் சூளவம்சம் கூறுகிறது. 993 அளவில் இராசராசனின் படை இலங்கையில் இறங்கியது. 1017-இல் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அங்கேயே இறந்தான்.

இதைச் சோழப் படையெடுப்பு என்று பள்ளியில் ஒரே வரியில் படித்தோம். படையெடுப்புக்கு முன்னால் ஒரு சம்பளப் போராட்டம் இருந்தது என்பதை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சூளவம்சத்தை எழுதிய பிக்குகளோ அதை மறைக்கவில்லை. சம்பளம் கிடைக்காததால்தான் அவர்கள் வாசலுக்கு வந்தார்கள் என்று தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்தது வேளைக்காரர் கதை. உரிய வேளையில் உயிரையும் கொடுப்போம் என்று உறுதி பூண்டவர்கள் என அப்பெயருக்குப் பொருள் கொள்வோர் உண்டு. சோழரை 1070-இல் வெளியேற்றிப் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் விசயபாகுவே இவர்களைத் தன் சேவையில் வைத்திருந்தான். 1080-களில், கருநாடக மன்னனுக்கு அவன் அனுப்பிய தூதர்களைச் சோழர் மூக்கும் காதும் அரிந்து அவமதித்தார்கள். சினங்கொண்ட விசயபாகு சோழர்மேல் படை செலுத்த முற்பட்டான். வேளைக்காரர் செல்ல மறுத்தார்கள். மறுத்ததோடு நில்லாமல் கலகம் செய்து இரு தளபதிகளைக் கொன்றார்கள். அரசனின் தங்கையையும் அவளுடைய மூன்று புதல்வர்களையும் சிறைபிடித்து அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். தப்பியோடிய மன்னன் படையுடன் திரும்பி வந்து, கலகத் தலைவர்களைக் கம்பத்தில் கட்டி எரித்தான்.

இங்கே சிக்கல் சம்பளம் அன்று. எங்கே போரிடுவோம், எங்கே போரிடமாட்டோம் என்ற எல்லை அவர்களுக்கு இருந்தது. பணம் கொடுத்தவன் அந்த எல்லையை அறியாமல் இருந்துவிட்டான்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பொலன்னறுவையில் அட்டதாகேயின் அருகே தமிழ்க் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. விசயபாகுவின் மறைவுக்குப் பின் பொறிக்கப்பட்டது. புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஏற்றுக்கொண்ட செய்தியை அது சொல்கிறது. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனத் தங்கள் பிரிவுகளை அதில் பட்டியலிடுகிறார்கள். கோயிலுக்குத் தங்கள் பெயரையே சேர்த்து 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாயப் பெரும்பள்ளி' என்று பெயரிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் அரண்மனையை எரித்த அதே படைதான், நாட்டின் மிகப் புனிதமான பொருளுக்குக் காவலாக நின்றது.

மூன்றாவது கதையில் தமிழர் இல்லை. கொழும்பில் ஒல்லாந்தருக்காகக் காவல் புரிந்தவர்களில் டி மியூரன் படைப்பிரிவும் ஒன்று. சுவிற்சர்லாந்தின் நியூசத்தல் பகுதியைச் சேர்ந்த சார்ள்ஸ் டானியல் டி மியூரன் 1781-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகத் திரட்டிய கூலிப்படை அது. 1795-இல் ஹியூ கிளெகோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர், பிரித்தானிய அரசின் சார்பில் நியூசத்தலுக்கே சென்று, உரிமையாளரான டி மியூரனுடன் பேசி முழுப் படைப்பிரிவையும் பிரித்தானியர் பக்கம் மாற்ற ஒப்பந்தம் செய்தார். அந்தச் செய்தி பாற்கட்டிக்குள் மறைத்துக் கொழும்புக் கோட்டைக்குள் அனுப்பப்பட்டதாக ஒரு கதை உண்டு. 1796 பெப்ரவரியில் கொழும்பு பெரிய போரின்றிச் சரணடைந்தது. காவல் நின்ற சிப்பாயிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. ஒப்பந்தம் கைமாறியது, அதோடு அவனும் கைமாறினான்.

இதைச் சொல்லும்போது அக்கா தேநீருடன் வந்து உட்கார்ந்தாள். "இது நம்ம துண்டுக் கதை மாதிரில இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவு, முன்பணம் எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். வேறு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால், கங்காணியும் அவருடைய ஆட்களும் கூட்டமாக அங்கே மாறுவார்கள். இந்த முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. டி மியூரனின் சிப்பாய்க்கும் கங்காணியின் ஆளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இவன் ஆயுதம் ஏந்தவில்லை. ஆகவே அரண்மனை வாசலில் போய் நிற்கவும் இயலவில்லை.

கூலி என்பது செய்த வேலைக்குரிய ஊதியம்; அது நல்ல தமிழ்ச் சொல். அச்சொல்லையே வசையாக எங்கள் முன்னோர்மேல் வீசினார்கள். கூலிப்படை என்ற சொல்லிலும் அந்த இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசுக்கு விலைபோனவன் என்று வீரனைச் சொல்கிறோம். காசு பேசிவிட்டுக் கொடுக்காதவனைச் சொல்ல நம்மிடம் அவ்வளவு வழக்கமான சொல் இல்லை.

மருமகன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். கூலிப்படைக் கோப்பில் இடமில்லாவிட்டாலும், நிகழ்ச்சிகளை எழுதும் வேறொரு கோப்பு இருப்பதாகப் பின்னர் சொன்னான். கஜானா பூச்சியத்துக்குக் கீழே சென்றால், தலைநகரின் வாசலில் ஒரு கலகப்படை தோன்றும்படி அதில் எழுதலாமாம். இரவு பத்து மணிக்குச் சோதித்துப் பார்த்தான். அநுராதபுரத்தின் முன்னால் கேரள வில்லாளர் அணிவகுத்து நின்றார்கள்.

"இப்ப விலை சொல்லுங்க மாமா" என்றான்.

"எவ்வளவு வேண்டுமானாலும் போடு. இனி விளையாடுபவன் மாதாமாதம் யோசிப்பான்" என்றேன்.