கரவதியிலிருந்து திருவரங்கம் வரை: ஷேக் சின்ன மௌலானா சாஹிப்

கும்மிடிப்பூண்டியைக் கடந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில் கூடூர், நெல்லூர், ஒங்கோல் ஆகியவற்றைத் தாண்டியதும் கரவதி என்னும் சிற்றூர் வரும். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா சாஹிப் 1924 மே 12 அன்று அவ்வூரில் பிறந்தார். நாம் நாள்தோறும் காணும் தண்டவாளம் அவ்வூருக்கும் செல்கிறது. ஆயினும் அப்பெயரை நம் பிள்ளைகள் அறியார்.

ஆந்திரக் கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய குடும்பத்தில் தோன்றிய அவர், தந்தை காசிம் சாஹிபிடம் முதற்பாடம் கற்றார். பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாஹிபிடம் பயின்றார். டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க விரும்பி, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். கைவந்த கலையை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு மொழி பேசும் மண்ணில் முதலிலிருந்து கற்பதற்குப் பணிவு வேண்டும். கல்வியின் முதல் வாசல் அதப் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

திருவரங்கத்தில் குடியேறிய அவர், 1982-இல் அங்கு சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவினார். 1977-இல் பத்மஸ்ரீ விருதும், 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரை வந்தடைந்தன. 1999 ஏப்ரல் 13 அன்று மறைந்தார். பேரர்கள் காசிம், பாபு ஆகியோரும், மாணவர்களான ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி தம்பதியரும் அப்பாணியைத் தொடர்ந்தனர்.

இசையில் முஸ்லிமுக்கு இடமுண்டா என்னும் வினா இங்கு எழும். குழற்கருவிகளை விலக்கியோரே ஃபிக்ஹு அறிஞருள் பெரும்பான்மையினர். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இசை கேட்டலை ஆராய ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கினார். துருக்கியின் மௌலவிய்யா தரீக்காவிலோ இசை திக்ருடன் கலந்தது. அதன் பெரும் இசையமைப்பாளர் இஸ்மாயில் தெதெ எஃபெந்தி 1846-இல் ஹஜ் பயணத்தின்போது இறந்தார். இவ்விவாதம் ஆலிம்களுக்குரியது. ஒருவர் கலையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மார்க்கப் பேணுதலைப் பொறுத்தது; ஆனால் நம்மவர் ஒருவரின் உழைப்பையும் ஒழுக்கத்தையும் மறந்துவிடுவது நன்றியாகாது.

கோயில் வீதியில் வாழ்ந்த ஒரு சாஹிபைத் தமிழகம் தன் பிள்ளையாக ஏற்றது. அண்டை வீட்டாரோடு அன்புடன் வாழ்தல் ஈமானின் அடையாளம் என்று கற்ற நாம், அந்த உறவைப் பேணிக்காப்போமாக. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக, ஆமீன்.