வியாசர்பாடிக் கல்லூரியின் பெயரும் கொலம்பியாவின் வகுப்பறையும்

எம்.கே.பி. நகரை ஒட்டிய வியாசர்பாடியின் அரசு கலைக் கல்லூரி அம்பேத்கரின் பெயரைத் தாங்கியிருப்பதால், அமெரிக்கப் பல்கலைக்கழகக் கல்வி ஓர் இந்திய மாணவருக்கு எவ்வாறு அமைந்தது என்பதை அவருடைய மாணவப் பருவத்தைக் கொண்டே அறிவது இப்பகுதிக்குப் பொருத்தமாகும். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் மாதந்தோறும் அளித்த பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையுடன், படிப்பு முடிந்ததும் சமஸ்தானப் பணியாற்றவேண்டும் என்ற நிபந்தனையை ஏற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில 1913 ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார்.

லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் தோன்றிய சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள், இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தன. கொலம்பியாவிலோ, மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விருப்பப்பாட முறை நிலவியதால், அம்பேத்கர் பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் ஆகியவற்றையும் பயின்றார். மாணவரே கட்டுரை படித்து விவாதத்துக்கு உட்படுத்தும் சிறுகுழு வகுப்பான கருத்தரங்கு, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட வழக்கமாகும். கொலம்பியாவில் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 1916 மே மாதம் வாசிக்கப்பட்ட கட்டுரையே இந்தியச் சாதிகள் பற்றிய அவரது புகழ்பெற்ற முதல் ஆய்வு.

முதுகலைப் பட்டம் 1915இல் கிடைத்தது. முனைவர் பட்டமோ, ஆய்வேட்டை அச்சிட்ட நூலாக ஒப்படைத்த பின்னரே வழங்கப்படும் என்ற விதியால் (ஏழை மாணவருக்கு இது கடுமையான விதிதான்) நெடுங்காலம் தள்ளிப்போய், பேராசிரியர் செலிக்மனின் முன்னுரையோடு நூல் 1925இல் வெளிவந்தபின், 1927இல்தான் அம்பேத்கரின் கைக்கு வந்தது.