மின் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் உள்ளமைப்பு

6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் இவ்விளையாட்டுத் துப்பாக்கியின் முதல் மின் மாதிரியை, ஃபாமாஸ் வடிவில், ஜப்பானின் டோக்கியோ மாருய் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. இதில் வெடிமருந்து கிடையாது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, கடைசிச் சக்கரம் பிஸ்டனைப் பின்னிழுத்துச் சுருள்வில்லை இறுக்கும். அச்சக்கரத்தின் பல்லில்லாத பகுதி வந்ததும் பிஸ்டன் முன்பாயும். அழுந்திய காற்று குண்டைத் தள்ளும்.

வலுவான வில்லைப் பொருத்தியவர்களுக்கு இரண்டாம் வகைப் பற்பெட்டி தலைவலியாயிற்று. பிஸ்டன் மோதும் முன்பகுதி விரிசல் விட்டது. பின்னர் அதன் கூர்மூலைகளை வளைவாக்கி, மோதுமிடத்தில் ரப்பர் மெத்தை வைத்தனர்.

விசையின் தொடுமுனைகள் தீப்பொறியில் கருகுவதும் பழைய குறை. மோஸ்ஃபெட் வந்தபின் மோட்டாருக்கான மின்னோட்டம் விசை வழியே செல்வதில்லை. சிறிய மாற்றந்தான், ஆனால் லித்தியம் பாலிமர் மின்கலங்களுக்கு மிகவும் பயனுள்ளது.

ஜப்பானில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குண்டின் ஆற்றலை ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழே வரையறுத்தது. அதனால் அங்கு தூரத்தைக் கூட்டுவது வில்லன்று, குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப் ரப்பரே.