டாலிக்கு முன்னாடி ஒரு கேரட், ஒரு தவளை

குளோனிங்னு சொன்னதும் பள்ளிப் பசங்க "டாலி, 1996"ன்னு எழுதி மார்க் வாங்கிடுவாங்க. தப்பில்லை. ஆனா எனக்கென்னவோ அது கதையோட கடைசி அத்தியாயத்தை மட்டும் படிச்ச மாதிரி இருக்கும். முன்கதையைச் சொல்றேன், கேளுங்க.

குளோன்னா ஒரே மரபுப்பொருள் கொண்ட நகல். செடிகளுக்கு இது புதுசே இல்லை. வாழையில் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுறோமே, அது தாய்வாழையின் குளோன்தான். ஆனால் வேராகவோ குடலாகவோ வேலையில் உட்கார்ந்துவிட்ட ஒரு செல், மறுபடி முழு உயிராக மாற முடியுமா? சண்டையே இதில்தான்.

முடியாது என்பதுதான் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய விஞ்ஞானி ஆகஸ்ட் வைஸ்மானின் கருத்து. கரு வளர வளர, ஒவ்வொரு செல்லும் தன் வேலைக்கான குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இழந்துவிடும் என்றார் அவர்.

1958-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஃப்.சி. ஸ்டீவர்ட் குழு, கேரட் வேரின் செல்களை ஊட்டக் கரைசலில் வளர்த்தது. அதில் கலந்தது என்ன தெரியுமா? தேங்காய்த் தண்ணி! அந்தச் செல்களிலிருந்து முழு கேரட் செடி வந்தது. வேர்ச் செல் எதையும் தொலைக்கவில்லை.

சரி, விலங்குகள்? 1952-ல் பிரிக்ஸ், கிங் இருவரும் தவளை முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, இளம் கருவின் உட்கருவை வைத்தார்கள். தலைப்பிரட்டை வந்தது. ஆனால் வளர்ந்த கருவிலிருந்து எடுத்தபோது பெரும்பாலும் தோல்விதான். வைஸ்மான் சொன்னது சரிதான் போலிருக்கேன்னு தோணுமா, தோணாதா?

இங்கேதான் இங்கிலாந்தின் ஜான் கர்டன் வருகிறார். 1962-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிரட்டையின் குடல் செல் உட்கருவை முட்டைக்குள் வைத்துப் புதிய தலைப்பிரட்டைகளை உண்டாக்கிக் காட்டினார். நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தேறியது. பலர் நம்பவில்லை. ஆனால் ஒன்று தேறினாலே போதுமே! குடல் செல்லுக்குள் முழுத் தவளைக்கான குறிப்பும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பாலூட்டிகளில் இது நடக்க இன்னும் 34 வருஷம் ஆச்சு. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் இயன் வில்மட், கீத் கேம்பெல் குழு ஆறு வயது வெள்ளைமுகச் செம்மறியின் மடிச் செல்லை, உட்கரு நீக்கிய முட்டையோடு மின்துடிப்பால் இணைத்தது. 277 இணைப்புகளில் கருவாகத் தேறியவை 29. பிறந்தது ஒரே ஒரு குட்டி. கறுப்புமுக வாடகைத் தாய்க்கு வெள்ளைமுகக் குட்டி! அதுதான் 1996 ஜூலை 5-ல் பிறந்த டாலி.

2006-ல் ஜப்பானின் யமனாகா, முட்டையே இல்லாமல் நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் சாதாரணச் செல்லை ஆரம்பநிலைக்குத் திருப்பினார். 2012-ல் அவருக்கும் கர்டனுக்கும் சேர்த்து நோபல்.

கடைசியா ஒண்ணு. பள்ளியில் உயிரியலில் 250 பேரில் கர்டன்தான் கடைசி. விஞ்ஞானியாகும் இவன் ஆசை கேலிக்குரியதுன்னு ஆசிரியர் எழுதிய ரிப்போர்ட்டை, பிற்காலத்தில் சட்டம் போட்டு மேஜைக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தார் மனுஷன். உயிரியலில் மார்க் குறைஞ்சுபோய் முகம் வாடி நிக்கிற பிள்ளை யாராவது உங்க வீட்டில் இருந்தா, டாலியை விட்டுட்டு முதல்ல இந்தத் தவளைக் கதையைச் சொல்லுங்க.