நான்கெல்லையில் நின்றவர்கள்: லிங்கன், பூன் குடும்பங்கள் குறித்த பழைய ஆவணங்கள்

நிலக்கிரயப் பத்திரம் ஒன்றை விரித்துப் படித்தவர்கள் 'நான்கெல்லை' என்னும் பகுதியை அறிவார்கள். வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே இன்னார் தோப்பு, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னார் வயல் என்று அது செல்லும். விற்றவர், வாங்கியவர் என்னும் இருவருக்காக எழுதப்பட்ட ஓர் ஏட்டில், ஒரு காசும் கொடாத, ஒரு காசும் பெறாத அண்டை அயலாரும் நிலைபெற்றுவிடுகின்றனர். தம் பாட்டனார் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லையே என்று வருந்துவோர் பலர். அவர்கள் அடுத்த வீட்டுப் பத்திரத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தின் வரலாறு பல வேளைகளில் அண்டை வீட்டுப் பெட்டியிலேதான் உறங்குகிறது. இவ்வுண்மைக்கு அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றிலிருந்து ஒரு சான்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1859 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக எழுதித் தம் நண்பர் ஒருவருக்கு அனுப்பினார். தம் பாட்டனார் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர் என்றும், அவருக்கு முந்தியோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த குவேக்கர்கள் என்றும் அதில் குறித்தார். நியூ இங்கிலாந்தில் வாழ்ந்த லிங்கன்களோடு தம் குடும்பத்தை இணைக்கச் செய்த முயற்சியில், மோர்தெகாய், லீவை, சாலமோன், ஆபிரகாம் என இரு குடும்பங்களிலும் ஒரே பெயர்கள் வழங்கியது தவிர வேறெதுவும் உறுதிப்படவில்லை என்றும் எழுதினார். மறு ஆண்டே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதருக்குத் தம் கொள்ளுப்பாட்டனாருக்கு அப்பால் வழி தெரியவில்லை! பிற்கால ஆய்வாளர்களே உயில்களையும் நிலப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1637இல் மாசசூசெட்சின் ஹிங்கம் ஊருக்கு வந்த சாமுவேல் லிங்கன் வரை அவ்வழியைக் கண்டுபிடித்தனர்.

அவ்வழியின் நடுவே நிற்பவர் மோர்தெகாய் லிங்கன். ஹிங்கமில் பிறந்து, நியூஜெர்சி வழியே பென்சில்வேனியா சென்று, இன்றைய எக்சிடர் பகுதியில் நிலம் வாங்கினார். 1733இல் அவர் எழுப்பிய கல்வீடு இன்றும் நிற்கிறது. அதே வட்டாரத்தில் குடியிருந்தது, இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1717இல் வந்த ஜார்ஜ் பூனின் குடும்பம். அவர் மகன் ஸ்குவையர் பூன். ஸ்குவையரின் மகனே, பின்னாளில் கென்டக்கிக்கு வழி திறந்தவராகப் புகழ்பெற்ற டேனியல் பூன். டேனியல் 1734இல் அங்கேதான் பிறந்தார்.

1736இல் மோர்தெகாய் இறந்தார். தம் மனைவிக்குத் துணைநின்று உதவுமாறு அவர் உயிலில் குறித்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பூன் என்னும் பெயருடைய பூன் குடும்பத்தவர். அப்போது அம்மனைவி கருவுற்றிருந்தார். தந்தை முகம் காணாமல் பிறந்த அம்மகனுக்கும் ஆபிரகாம் என்றே பெயரிட்டனர். அவர் 1760இல் மணந்த பெண் ஆன் பூன். டேனியல் பூனுக்குச் சிற்றப்பன் மகள், அதாவது தங்கை முறை. இறந்தவர் நம்பிக்கை வைத்த வீட்டிலிருந்தே, இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, மருமகள் வந்தாள். இதை உரைக்கக் காவியம் எதுவும் எழுந்ததில்லை. ஓர் உயிலும் ஒரு திருமணப் பதிவும் அருகருகே வைக்கப்பட்டபோது தானே புலப்பட்டது.

ஆங்கிலத்தில் இவ்வுறவை எழுதுவோர் 'கசின்' என்னும் ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகின்றனர். தமிழில் எண்ணிப் பார்த்தால் உறவு துலங்குகிறது. ஆனின் கணவர், குடியரசுத் தலைவரின் கொள்ளுப்பாட்டனார் ஜானுக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி. எனவே பாட்டனார் ஆபிரகாமுக்கு ஆன் பூன் சிற்றன்னை. லிங்கன்களும் பூன்களும் நம் வழக்கில் சம்பந்திகள்.

குவேக்கர் சபையின் குறிப்பேடுகள் இவ்வாய்வுக்குப் பெருந்துணை. அச்சபையில் நடக்கும் திருமணச் சான்றிதழில் வந்திருந்தோர் அனைவரும் கையொப்பமிடுவர். ஏறத்தாழ நம் மொய் நோட்டுப் போல, யார் யார் வந்தனர் என்பதற்கு அதுவே சாட்சி. சபைக்கு வெளியே மணந்தோர் மீது கண்டனமும் பதிவாகும். சபைக்குப் புறம்பானவரை மணந்ததற்காக ஆன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஸ்குவையர் பூனோ, 1747இல் தம் மூத்த மகன் வெளியில் மணந்தபோது மகன் பக்கமே நின்று சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1750இல் குடும்பத்தோடு வட கரோலினாவுக்குப் புறப்பட்டார். வாழ்த்து மட்டுமே எழுதப்பட்டிருந்தால் இவர்களை நாம் அறிந்திருக்க மாட்டோம். கண்டித்த ஏடே அவர்களைக் காத்துத் தந்தது.

லிங்கன்கள் 1768இல் வர்ஜீனியாவுக்கும், பாட்டனார் ஆபிரகாம் காலத்தில், 1780களின் தொடக்கத்தில், கென்டக்கிக்கும் நகர்ந்தனர். பூன் அழைத்தே லிங்கன் சென்றார் என்று கதை கட்டுதல் எளிது. ஆயின் அண்மை வேறு, காரணம் வேறு. ஆவணம் சொல்லும் அளவிலே நிற்பதுதான் ஆய்வறம். அங்கு 400 ஏக்கர் நிலத்தை அளந்த குறிப்பில் குடும்பப் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்று காணப்படுகிறது. செவியில் விழுந்ததை எழுத்தர் எழுதினார்! அளவுச் சங்கிலி பிடித்தவர்களும் உறவினரே. பெயரை எழுத்தால் மட்டும் தேடுபவர் இப்பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடுவார். அண்டையாரோடு சேர்த்துத் தேடுபவர் கண்டுகொள்வார்.

1786இல் அப்பாட்டனார் தம் நிலத்திலேயே பழங்குடியினர் தாக்குதலில் உயிரிழந்தார். அக்கால வர்ஜீனியச் சட்டப்படி மூத்த மகனுக்கே நிலம் சென்றது. அச்சட்டத்தை நீக்கிய ஏற்பாடு 1787 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட சில மாதங்களில் இளைய மகன் தாமஸ் நிலமற்றவரானார். அவரே குடியரசுத் தலைவரின் தந்தை.

தாமசின் திருமணப் பதிவு பற்றிய செய்தி மனத்தைத் தொடுவது. லிங்கன் பிறந்த ஹார்டின் மாவட்டத்தில் அப்பதிவைத் தேடியோர் காணவில்லை. அதனால் அவர் அன்னையார் நான்சி ஹாங்க்சின் மீது பழிச்சொல் பரவியது. லிங்கன் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1878இல், வேறொரு மாவட்டமான வாஷிங்டன் மாவட்டத்து நீதிமன்றத்தில் 1806 ஜூன் 10ஆம் நாளிட்ட திருமணப் பிணைப்பத்திரம் கிடைத்தது. 50 பவுன் தொகைக்கு தாமசோடு கையொப்பமிட்டிருந்தவர் ரிச்சர்ட் பெர்ரி. மணம் முடித்த போதகரின் அறிக்கையும் அங்கேயே இருந்தது. ஒரு தாயின் மானம் பக்கத்து மாவட்டத்து அலமாரியில் எழுபத்திரண்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. மகன் அதைக் காணவில்லை.

எல்லைகள் மாறும்போது ஏடுகள் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். பெர்க்ஸ் மாவட்டம் அமைந்ததே 1752இல்தான். அதற்கு முந்திய பதிவுகளைப் பிலடெல்பியாவில் தேட வேண்டும். நம் நாஞ்சில் நாடும் 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளின் கீழ் இருந்தது. அங்குள்ளோர் பழைய பத்திரங்களைப் படிக்கக் கொல்லம் ஆண்டுக் கணக்கும் மலையாள எழுத்தும் பயில வேண்டியிருப்பது இதனால்தான்.

இனிக் கசப்பான பகுதி. பட்டயங்களால் நிலம் பெற்ற இவ்விரு குடும்பங்களும் பட்டயங்களாலேயே நிலம் இழந்தன. கென்டக்கியில் ஒரே நிலத்தின்மீது பல உரிமைகள் அடுக்கடுக்காய் விழுந்தன. டேனியல் பூன் பதிவுக் குறைகளாலும் வழக்குகளாலும் பெரும்பாலும் இழந்து, 1799இல் மிசூரி சென்றார். தாமஸ் லிங்கன் 1816இல் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தார். நிலவுரிமைச் சிக்கலே அதற்கு முதற்காரணம் என்று மகனே எழுதினார்.

அவர்களுக்கும் முன்னர் இழந்தவர்கள் உளர். 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில் ஒகையோ ஆற்றின் தென்கரை நிலத்தை விட்டுக்கொடுத்தோர் இரோகுவாய் மக்கள். அந்நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஷானி மக்களின் இசைவு பெறப்படவில்லை. 'கிழக்கே ஷானியர் வேட்டைக்காடு' என்று எந்த அளவைக் குறிப்பு எல்லை சொன்னது? நான்கெல்லையில் யார் நிற்கிறார் என்பதைப் படிக்கும் கண், யார் நிறுத்தப்படவில்லை என்பதையும் படிக்க வேண்டும். பாட்டனார் லிங்கன் வீழ்ந்த அந்நிலத்தின் கதை, இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால்தான் முழுமை பெறும்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் பத்திரங்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகலாம். நினைவு, பெயர்களை மட்டும் போற்றும். ஏடு, பக்கத்தில் நின்றவரையும் சேர்த்துக்கொள்ளும். பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கும் வருகைப் பதிவேடும் கூட்ட அறிக்கைகளும் உண்டு. கவிதை படித்தவர் பெயரோடு, பாய் விரித்தவர், தேநீர் கொணர்ந்தவர், கடைசி வரிசையில் அமைதியாய் அமர்ந்து கேட்டவர் பெயர்களும் அவற்றில் இடம்பெறுமாக. நாளை நம்மைத் தேடி வருவோர் ஒருவேளை அவர்கள் வழியாகவே நம்மைக் கண்டடைவர்.