கல்லாவிலிருந்து கல்லூரிக்கு: தொழில்முனைவுக் கல்வி வளர்ந்த வரலாறு

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்த நம் முன்னோர் வணிகத்தைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். ஊரிலிருந்து கப்பலேறி வந்த பையன் முதலில் கடையைக் கூட்டினான். பிறகு சரக்கு எடுத்துக் கொடுத்தான். நம்பிக்கை பிறந்த பின்னரே கல்லாவில் அமர்ந்தான். யாருக்குக் கடன் தரலாம், எந்தச் சரக்கு தேங்கிவிடும் என்பதை முதலாளியின் பக்கத்தில் நின்றே கற்றான். அந்தக் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று.

வணிகக் கல்லூரிகள் முன்பே இருந்தன. ஆனால் அவை பெரிய நிறுவனங்களுக்கான நிர்வாகிகளையே பெரிதும் உருவாக்கின. 1947 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பேராசிரியர் மைல்ஸ் மேஸ், புதிய தொழில்களை நடத்துவது பற்றிய பாடமொன்றைத் தொடங்கினார். உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய காலம் அது. 188 மாணவர்கள் சேர்ந்தனர்.

ஆயினும் யார் கற்பிப்பது என்ற கேள்வி நின்றது. படித்தவர்க்குக் கடை நடத்திய அனுபவம் இல்லை. நடத்தியவர்க்கு வகுப்பெடுத்துப் பழக்கம் இல்லை. 1984-இல் பாப்சன் கல்லூரியில் பேராசிரியர் ஜெஃப்ரி டிம்மன்ஸ் முன்னின்று, ஆசிரியர்களுக்கே பயிற்சி தொடங்கினார். பேராசிரியரும் தொழிலதிபரும் இணைந்து கற்பிப்பது அதன் சிறப்பு.

நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், 2000-களின் தொடக்கத்தில், தன் மாணவர்களை அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்குக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே புதிய நிறுவனங்களில் வேலை செய்துகொண்டே அவர்கள் படித்தார்கள். மலேசியாவில் 2006-இல் உருவான கிளந்தான் பல்கலைக்கழகம் தொழில்முனைவையே தன் அடையாளமாகக் கொண்டது. பக்கத்தில் நின்று கற்கும் பழைய முறையே புதிய உருவில் திரும்பிற்று எனலாம்.

ஒரு வேறுபாடு உண்டு. கடை, பெரும்பாலும் உறவுக்கும் ஊருக்கும், அதிலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்றுத் தந்தது. வகுப்பறை நம் பெண்மக்களுக்கும் கதவைத் திறந்தது. மேலும், ஹார்வர்ட் ஆசிரியர்கள் நிறுவனங்கள் எடுத்த முடிவுகளை எழுதி வைத்து, அவற்றையே பாடமாக்கினர். நம் கடைகளின் அறிவோ முதலாளியோடு மறைந்துவிடுகிறது.

இன்று பல குடும்பங்களில் பிள்ளைகள் பட்டம் பெற்றிருக்கிறார்கள். கடையை ஏற்க ஆளில்லை. மூடப்படும் முன், அந்தக் கடை எப்படித் தொடங்கியது, நெருக்கடியில் எப்படித் தப்பியது, யாரை நம்பியது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அது குடும்பத்துக்கு நினைவு; நாளைய மாணவர்க்குப் பாடம்.